சர்க்குலர் வருவதற்கு முன்பே: மருத்துவமனை முடிவுகளில் நர்சிங் நிர்வாகி பங்கெடுப்பது எப்படி

புது வார்டு திறப்பது, கேனுலா (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) கம்பெனியை மாற்றுவது, டிஸ்சார்ஜ் நேரத்தைக் காலை 11 மணிக்குக் கொண்டுவருவது, பார்வையாளர் நேரத்தைக் கூட்டுவது என்று எதை எடுத்துக்கொண்டாலும், கடைசியில் அது வார்டு சிஸ்டரின் தலையில்தான் வந்து விடிகிறது. ஆனால் நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கே பல இடங்களில் அது சர்க்குலராகத்தான் தெரியவருகிறது. "கமிட்டியில் நீங்களும் மெம்பர்தானே மேடம்?" என்று கேட்பார்கள். மெம்பர்தான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வருகிற மெம்பர்.

நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கூட்டத்துக்கு வருகிற காகிதத்திலேயே முக்கால்வாசி முடிவு எழுதப்பட்டிருக்கும். கூட்டம் அதற்குத் தலையாட்டும். அந்தக் காகிதத்தை யார் எழுதினார், அதில் யாருடைய கணக்கு இருக்கிறது என்பதைப் பார்த்தாலே மருத்துவமனையில் யார் பேச்சு எடுபடுகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் காகிதத்தைத் தயார் செய்வது, சரியான கைக்கு அனுப்புவது, பிறகு விடாமல் பின்தொடர்வது ஆகியவைதான் இந்தக் கையேட்டின் பொருள். 100 முதல் 300 படுக்கை வரை உள்ள தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனையின் என்.எஸ். (நர்சிங் சூப்பரின்டென்டென்ட்), சூப்பர்வைசர், வார்டு இன்சார்ஜ் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். அரசு மருத்துவமனையில் எங்கே வேறுபடும் என்பதை அங்கங்கே சேர்த்திருக்கிறோம்.

எது எங்கே முடிவாகிறது

முதல் வேலை, ஒரு தாளில் உங்கள் மருத்துவமனையின் கமிட்டிகளை எழுதுவது. தொற்றுக் கட்டுப்பாடு, மருந்து, தரம் மற்றும் பாதுகாப்பு, கோட் ப்ளூ (இதயம் நின்றவருக்கான அவசர அழைப்பு), மருத்துவப் பதிவேடு ஆய்வு, கொள்முதல், உயிர்மருத்துவக் கழிவு, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு என்று பட்டியல் வரும். என்.ஏ.பி.ஹெச். (மருத்துவமனைத் தரத்துக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள இடமானால் இவற்றில் பலவும் ஏட்டிலாவது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் நான்கு விவரம் குறியுங்கள்: தலைவர் யார், செயலாளர் யார், அஜெண்டா எத்தனை நாள் முன்பு மூடப்படுகிறது, எவ்வளவு பணம் வரை அந்தக் கமிட்டியே ஒப்புதல் தர முடியும்.

இந்த நான்கில் முக்கியமானவர் செயலாளர். தலைவர் ஒரு மூத்த மருத்துவராக இருப்பார்; கூட்டத்தன்று அரைமணி நேரம் வருவார். அஜெண்டாவில் எது ஏறும், எந்த வரிசையில் ஏறும், மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பில்) எந்த வார்த்தை விழும் என்பதெல்லாம் செயலாளர் கையில். தரப் பிரிவு அதிகாரியோ தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸோ செயலாளராக இருந்தால் உங்கள் பாதி வேலை முடிந்தது. தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் உங்கள் துறை ஆள். அவர் தயாரிக்கிற மாத அறிக்கை உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிற இடங்களும் உண்டு. 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேல் படுக்கை உள்ள மருத்துவமனையில் கழிவு மேலாண்மையைக் கண்காணிக்கும் குழு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை என்ற கழிவுத் தொட்டிகளில் எதில் எது போகிறது என்பது வார்டில் நடக்கிற காரியம் என்பதால் அங்கே நர்சிங் பேச்சுக்கு மறுபேச்சு குறைவு. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், உள்ளகப் புகார்க் குழுவுக்குப் பணியிடத்தின் மூத்த பெண் ஊழியர் ஒருவரே தலைமை வகிக்க வேண்டும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. பல மருத்துவமனைகளில் அந்தத் தலைமை என்.எஸ்.ஸிடம் வரும். ஏதோ கூடுதல் சுமை என்று தட்டிக்கழிக்க வேண்டாம். இரவுப் பணிக்கு வண்டி, வார்டுக்கு வெளியே வெளிச்சம், ஓய்வறைக்குத் தாழ்ப்பாள் ஆகியவற்றைச் செலவுத் தலைப்பாக முன்வைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அரசு மருத்துவமனையில் படம் வேறு. புதுப் பணியிடத்தை மருத்துவமனை உருவாக்க முடியாது. அது அரசாணையில்தான் வர வேண்டும். மருந்தும் கருவியும் பெரும்பாலும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வருகின்றன. ஆகவே "பத்து நர்ஸ் வேண்டும்" என்று டீனிடம் கேட்டால் கோப்பு மேலே போய் அங்கேயே உட்கார்ந்துவிடும். உள்ளூரிலேயே முடிவாகக்கூடியவை எவை என்று பாருங்கள்: வார்டுகளுக்கு இடையே ஆள் மாற்றம், மருத்துவமனைப் பணியாளர் ஒதுக்கீடு, உள்ளூர்க் கொள்முதல், நோயாளர் நலச் சங்கப் பணம், காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனைக்கு வரும் தொகை. ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) அறையில் தீர்கிற கோரிக்கை, சென்னைக்குப் போகிற கோரிக்கை என்று இரண்டு கோப்பாகவே வைத்துக்கொள்வது நல்லது. முதல் கோப்பில்தான் இந்த மாதமே பலன் தெரியும்.

கையில் வைத்திருக்க வேண்டிய எண்கள்

"வார்டில் வேலை ரொம்ப அதிகம் சார்" என்பது புலம்பலாகத்தான் கேட்கும். "மூன்றாவது மாடியில் போன மாதம் 22 நாள், காலை ஷிஃப்டில் ஒரு சிஸ்டருக்கு 8 நோயாளிக்கு மேல்" என்பதற்கு எதிரே இருப்பவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றையும் எண்ண ஆரம்பித்தால் எதையும் எண்ண மாட்டோம். வார்டுவாரியாக இவை போதும்: ஷிஃப்ட்வாரி நோயாளி எண்ணிக்கையும் நர்ஸ் எண்ணிக்கையும், அட்மிஷன், டிஸ்சார்ஜ், டிரான்ஸ்ஃபர், கீழே விழுந்தவர்கள், படுக்கைப்புண், மருந்துப் பிழையும் மயிரிழையில் தப்பியவையும், ஊசி குத்திய காயம், வேலையை விட்டுப் போனவர்கள். ஐ.சி.யூ.வுக்கு மட்டும் கதீட்டர் நாள், சென்ட்ரல் லைன் நாள், வென்டிலேட்டர் நாள் (அந்தந்தக் கருவி பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளின் நாட்களைக் கூட்டிய தொகை) சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் பெரும்பாலோர் தவறவிடுவது அட்மிஷன், டிஸ்சார்ஜ், டிரான்ஸ்ஃபர் எண். நள்ளிரவு சென்சஸை, அதாவது அந்நேரம் படுக்கையில் இருப்பவர்களின் எண்ணிக்கையை, வைத்துத்தான் நிர்வாகம் வேலைப்பளுவைப் பார்க்கிறது. 30 படுக்கை வார்டில் நள்ளிரவு 24 பேர் என்றால், "ஆறு பெட் காலி, ஒரு சிஸ்டரை வேறு வார்டுக்கு அனுப்பலாமே" என்று தோன்றும். ஆனால் அதே நாளில் 9 டிஸ்சார்ஜ், 10 அட்மிஷன், தியேட்டருக்கு 4 பேர் போய்த் திரும்பியது ஆகியவை அந்த 24 என்ற எண்ணில் தெரியாது. ஒரு அட்மிஷனில் ஆரம்ப மதிப்பீடு, கேனுலா, சாம்பிள், முதல் டோஸ், உறவினருக்கு விளக்கம் எல்லாம் சேர்ந்து ஒரு சிஸ்டரை முக்கால் மணி நேரமாவது பிடித்துவைக்கும். வந்தவர், போனவர், மாறியவர் எண்ணிக்கையைச் சென்சஸுக்குப் பக்கத்திலேயே தனிக் கட்டமாகப் போட்டு அனுப்பத் தொடங்குங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து பார்த்தபின் "காலி பெட்" பேச்சு தானாகக் குறையும்.

விகிதம் போடும்போது கவனம். கீழே விழுந்த சம்பவங்களை 1,000 நோயாளி நாளுக்கு (தினமும் வார்டில் இருந்தவர்களைக் கூட்டிய தொகை) எத்தனை என்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் 1,500 நோயாளி நாள், 3 சம்பவம் என்றால் 2. சிறுநீர்க் குழாய்த் தொற்றை 1,000 கதீட்டர் நாளுக்குச் சொல்ல வேண்டும். மொத்த நோயாளி நாளால் வகுத்தால் எண் அழகாக இறங்கிவிடும், ஆனால் மைக்ரோபயாலஜி டாக்டர் ஒரே கேள்வியில் அதை உடைத்துவிடுவார். இன்னொன்று, சின்ன எண்களை மாதத்துக்கு மாதம் ஒப்பிட வேண்டாம். போன மாதம் ஒருவர் விழுந்தார், இந்த மாதம் இருவர் என்றால் "இரட்டிப்பாகிவிட்டது" என்று யாராவது சத்தம் போடுவார்கள். 12 மாதத்தை ஒரே கோட்டில் வரைந்து காட்டுங்கள்.

மருந்துப் பிழை அறிக்கைகள் கூடினால் அதற்காக வார்டு இன்சார்ஜைக் கூட்டத்தில் நிற்கவைக்க விடாதீர்கள். எழுதுகிற பழக்கம் வந்தால் எண் முதலில் ஏறத்தான் செய்யும். மூன்று மாதமாகப் பூஜ்யம் என்று எழுதுகிற வார்டைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆள் கணக்கு: ஒரு உதாரணம் முழுதாக

நர்சிங் நிர்வாகியின் சொல் எடுபடுகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் இந்தக் கணக்கில் தெரிந்துவிடும். நிர்வாகம் 6 படுக்கை ஹெச்.டி.யூ. (ஐ.சி.யூ.வுக்கும் பொது வார்டுக்கும் இடைப்பட்ட தீவிரக் கவனிப்புப் பிரிவு) திறக்க முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றால் ஷிஃப்டுக்கு 3, மூன்று ஷிஃப்டுக்கு 9. நிதிப் பிரிவின் தாளில் "9 நர்ஸ்" என்று இருக்கும். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு நர்ஸ் ஆண்டில் 365 நாளும் வருவதில்லை. வார விடுமுறை 52, தற்செயல் விடுப்பு 12, நோய் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 12, தேசிய மற்றும் பண்டிகை விடுமுறை 9 என்று எடுத்துக்கொண்டால் மீதி 268 நாள். ஒரு நாளுக்கு 9 ஷிஃப்ட் வீதம் ஆண்டுக்கு 3,285 ஷிஃப்ட். அதை 268ஆல் வகுத்தால் 12.26. ஆள் கால்வாசியாக வரமாட்டார், ஆகவே 13. ஒன்பதுக்கும் பதின்மூன்றுக்கும் இடையே உள்ள அந்த நான்கு பேர்தான் ஆண்டு முழுவதும் டபுள் டியூட்டியாகவும், ரத்தான வார விடுமுறையாகவும், கடைசியில் ராஜினாமாக் கடிதமாகவும் வருகிறார்கள்.

உங்கள் மருத்துவமனையின் விடுப்பு விதிப்படி 268ஐ மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு இரவு பார்த்தால் வார விடுமுறைக்கு மேல் ஒரு நைட் ஆஃப் கொடுக்கிற வழக்கம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும்; இதைக் கழிக்க மறந்துதான் பலர் கணக்கில் தோற்கிறார்கள். பயிற்சி நாட்கள் தனி. மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்று 2017 திருத்தம் வந்த பிறகு, இளம் வயது நர்ஸ்கள் நிறைந்த வார்டில் அது எப்போதாவது வருகிற விஷயமில்லை. 120 நர்ஸ்களில் ஆண்டுக்கு 8 பேர் மகப்பேறு விடுப்பில் போகிறார்கள் என்றால், எந்த நாளில் எண்ணினாலும் சராசரியாக 4 பேர் இல்லை என்று அர்த்தம். அதை ஒரு தனி வரியாக, "மகப்பேறு மாற்றுப் பணியாளர் 4" என்று எழுதுங்கள். பொதுக் கணக்கில் புதைத்தால் பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான்.

விகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொது வார்டில் ஷிஃப்டுக்கு 6 நோயாளிக்கு ஒருவர், வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவர் என்பவை நம் நாட்டில் பரவலாகப் புழங்கும் அளவுகள். இவற்றை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு வாதாடினால், "அது டீச்சிங் ஹாஸ்பிடலுக்கு" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். விகிதத்தோடு உங்கள் வார்டின் நோயாளித் தரப்பிரிவையும் சேர்த்து வையுங்கள்: தானே நடப்பவர், பாதி உதவி தேவைப்படுபவர், முழு உதவி தேவைப்படுபவர் என்று மூன்றாகப் பிரித்துக் காலை 10 மணிக்கு ஒருமுறை எண்ணினால் போதும். 24 பேரில் 9 பேர் முழு உதவி என்றால், அந்த வார்டுக்கு ஆறுக்கு ஒருவர் பற்றாது என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை.

ஒரு பக்கக் குறிப்பு

கணக்கு கையில் இருந்தால் அடுத்து குறிப்பு. ஒரு பக்கம்தான்; இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. மேலே உள்ள ஹெச்.டி.யூ. விஷயத்துக்கு அது இப்படி இருக்கலாம்:

*பொருள்: 6 படுக்கை ஹெச்.டி.யூ. திறப்பு, நர்சிங் பணியாளர்.*
*தேவையான முடிவு: கீழே உள்ள மூன்றில் ஒன்றுக்கு ஒப்புதல்.*
*நிலை: ஷிஃப்டுக்கு 3 வீதம் 13 பேர் தேவை (கணக்கு இணைப்பில்). இப்போது ஐ.சி.யூ. அனுபவத்தோடு மாற்றித் தரக்கூடியவர்கள் 5.*
*வழி 1: 8 பேரை நியமித்து, 8 வாரப் பயிற்சிக்குப் பின் 6 படுக்கையும் ஒரே நேரத்தில் திறப்பது.*
*வழி 2: 1ஆம் தேதி 2 படுக்கை மட்டும் திறப்பது. ஷிஃப்டுக்கு ஒருவர், இருக்கிற 5 பேரே போதும். புதியவர்கள் பயிற்சி முடித்ததும் மற்ற நான்கு.*
*வழி 3: 1ஆம் தேதியே 6 படுக்கை. ஐ.சி.யூ.விலிருந்து மேலும் 8 பேர் வர வேண்டும். அங்கே 4 படுக்கை மூட வேண்டியிருக்கும்.*
*பரிந்துரை: வழி 2.*
*முடிவு தேவைப்படும் நாள்: இம்மாதம் 12. அதற்குப் பிறகானால் நேர்முகத் தேர்வு தள்ளிப்போகும்.*

இதில் கவனிக்க வேண்டியது, "முடியாது" என்ற சொல் எங்கும் இல்லை. மூன்று வழியும் செய்யக்கூடியவைதான். ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்பதுதான் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாம் வழியை விடாமல் எழுத வேண்டும். அவர்கள் மனதில் இருப்பது அதுதான். அதன் விலையை நீங்கள் எழுதாவிட்டால் விலையே இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டாம் வழியில் ஒரு சின்ன ஆபத்து உண்டு: ஷிஃப்டுக்கு ஒரே நர்ஸ் என்றால் அவர் சாப்பிடப் போகும்போதும் நோயாளியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும்போதும் யார் பார்ப்பார்? பக்கத்து ஐ.சி.யூ.விலிருந்து இன்னார் என்று இணைப்பில் பெயர்ப் பதவியோடு எழுதிவிடுங்கள். கூட்டத்தில் மயக்கவியல் டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

கூட்டத்துக்கு முன்பு இரண்டு பேர்

குறிப்பை அஜெண்டா மூடுவதற்கு முன் செயலாளருக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பேரை நேரில் பாருங்கள். ஒருவர், இந்த முடிவால் நன்மை அடையப்போகிற மூத்த டாக்டர். இன்னொருவர், நிதிப் பிரிவுத் தலைவர். எதிர்க்கப்போகிறவரை முதலில் பார்க்கத் தோன்றும். அது பிறகு ஆகட்டும். டாக்டர் கூட்டத்தில் "சிஸ்டர் சொல்வது சரி" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நிதிக்காரரிடம் கேட்க வேண்டியது ஆதரவை அல்ல: "என் கணக்கில் சம்பளம் தாண்டி வேறு எதைச் சேர்க்க வேண்டும் சார்?" என்று கேளுங்கள். பி.எஃப்., சீருடை, விடுதி, பயிற்சிக் காலச் சம்பளம் என்று அவரே திருத்துவார். தன் கையால் திருத்திய கணக்கை அவர் கூட்டத்தில் எதிர்ப்பது அபூர்வம்.

கூட்டத்தில்

உங்கள் விஷயம் அஜெண்டாவில் கடைசி என்றால் அன்று அது வராது. முதல் மூன்றுக்குள் வைக்கச் சொல்லி முன்பே கேட்டுவிடுங்கள். பேச இரண்டு நிமிடம் போதும். முதல் வாக்கியத்திலேயே என்ன முடிவு வேண்டும் என்று சொல்லுங்கள். பின்னணி, வரலாறு, வருத்தம் எல்லாம் கேட்டால் மட்டும்.

வழக்கமாக நடப்பது இது. தலைவர் கேட்கிறார்: "ஏற்கெனவே உள்ள ஸ்டாஃபை வைத்து ஒரு மாதம் மேனேஜ் பண்ண முடியாதா சிஸ்டர்?" நம்மில் பலர் "பார்க்கிறோம் சார்" என்று சொல்லிவிடுகிறோம். மினிட்ஸில் அது "நர்சிங் துறை ஒப்புக்கொண்டது" என்று விழுகிறது. அதற்குப் பதில்: "பண்ணலாம் சார். அது குறிப்பில் உள்ள மூன்றாவது வழி. ஐ.சி.யூ.வில் நான்கு பெட் மூட வேண்டும். எந்த நான்கு என்று இப்போதே முடிவு செய்துவிடலாமா?" குரலை உயர்த்தவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கிற தொனியும் வேண்டாம். கேள்வியை வந்த இடத்துக்கே திருப்பிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஒரே கூட்டத்தில் மூன்று கோரிக்கை வைத்தால் மூன்றில் மலிவானது ஒன்று கிடைக்கும். மற்ற இரண்டும் "ஏற்கெனவே ஒன்று கொடுத்தோமே" என்று ஆறு மாதம் தள்ளிப்போகும். கூட்டத்துக்கு ஒன்று போதும்.

மற்றத் துறைகளின் விஷயத்திலும் வாய் திறக்க வேண்டும். மருந்துக் கமிட்டியில் அடர் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல்களை வார்டு ஸ்டாக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று பேச்சு வருகிறது. நல்ல முடிவு, மறுப்பதற்கு எதுவுமில்லை. ஆனால் இரவு 2 மணிக்கு வார்டில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து 2.4 என்று ரிப்போர்ட் வந்தால் யார், எங்கிருந்து, எத்தனை நிமிடத்தில் கொண்டுவருவார்? இரவில் ஃபார்மசி திறந்திருக்குமா? கலந்த திரவமாகவே வாங்க முடியுமா? இந்தக் கேள்விகளை அங்கே கேட்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். கேட்காமல் விட்டால் ஒரு வாரத்தில் சிஸ்டர்கள் அலமாரியின் பின்புறம் நான்கு ஆம்பூலை ஒளித்துவைப்பார்கள், அது முன்பைவிட ஆபத்து.

வாங்குகிற பொருளில் உங்கள் கை

கொள்முதல் கமிட்டி விலைப் பட்டியலைப் பார்க்கிறது. வார்டு பொருளைப் பார்க்கிறது. இரண்டையும் சேர்க்கிற வேலை உங்களுடையது. புதுக் கம்பெனி கேனுலா வருகிறது என்றால் சாம்பிள் ஐந்தை வாங்கிக் கையில் புரட்டிப் பார்த்து "நன்றாக இல்லை" என்று எழுதுவதால் ஒன்றும் ஆகாது. 50 எண்ணம் கேளுங்கள். 20 கேஜ், 22 கேஜ் இரண்டிலும். இரண்டு வார்டு, மூன்று ஷிஃப்டிலும் பயன்படுத்திப் பாருங்கள். ஒரு சின்னப் படிவம்: எத்தனையாவது குத்தில் ஏறியது, ரத்தம் திரும்பி வருவது தெளிவாகத் தெரிந்ததா, ஹப்பில் கசிவு உண்டா, எத்தனை மணி நேரத்தில் எடுக்க வேண்டி வந்தது, ஏன்.

பிறகு ஒரு நோயாளிக்கு 72 மணி நேரத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிடுங்கள். பழைய கேனுலா 60 ரூபாய், புதியது 35 ரூபாய், ஒட்டும் ஃபிக்ஸேட்டர் 25 ரூபாய் என்று வைப்போம். பழையதில் சராசரியாக 1.1 எண்ணம் செலவாகி 72 மணி நேரம் நிற்கிறது: 66 உடன் 25, ஆக 91 ரூபாய். புதியது ஏற 1.6 எண்ணம் ஆகிறது, 36 மணி நேரத்தில் வீங்கிவிடுகிறது. ஆகவே இரண்டு தடவை: 112 உடன் 50, ஆக 162 ரூபாய். நோயாளி பட்ட வலியை இதில் சேர்க்கவே இல்லை. இந்த எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் படிவத்தில் வருகிற எண்களைப் போடுங்கள். புதியது உண்மையிலேயே நன்றாக இருந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும். ஒருமுறை "மலிவானதே சரி" என்று நீங்கள் எழுதினால் அடுத்த முறை "வேண்டாம்" என்பதற்கு எடை வரும்.

இன்ஃப்யூஷன் பம்ப் (மருந்துத் திரவத்தை அளவாக ஏற்றும் இயந்திரம்) போன்ற கருவியில் விலையைவிட மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: அந்தக் கம்பெனி டியூப் செட் மட்டும்தான் போடவேண்டுமா, பேட்டரி உண்மையில் எவ்வளவு நேரம் நிற்கிறது (முழு சார்ஜில் ஓட்டி, கடிகாரம் வைத்துப் பாருங்கள்), அலாரம் வார்டின் மறுமுனைக்குக் கேட்கிறதா. முதல் விஷயத்தில் ஏமாந்தவர்கள் அதிகம். பம்பைச் சலுகையில் கொடுத்துவிட்டு டியூப் செட்டில் ஆண்டுக்கணக்கில் வசூலிப்பார்கள்.

கட்டட வரைபடம் வந்தால் அதை வேறு எல்லா வேலைக்கும் முன்னால் பாருங்கள். ரோஸ்டரை அடுத்த மாதம் மாற்றலாம், சுவரை மாற்ற முடியாது. நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்தால் எத்தனை படுக்கை கண்ணுக்குத் தெரியும், கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்குமா (உள்ளே மயங்கி விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார்), ஸ்ட்ரெச்சர் திரும்ப இடம் உண்டா, கை கழுவும் தொட்டி படுக்கைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, ஐ.சி.யூ. படுக்கைக்கு எத்தனை பிளக் பாயின்ட். தரையில் சாக்பீஸால் உண்மை அளவில் கோடு போட்டு, ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப் பார்த்தால் பொறியாளரோடு வாதமே தேவைப்படாது.

வார்டு இன்சார்ஜ்களைச் சேர்த்துக்கொள்வது

என்.எஸ். ஒருவர் மட்டும் மேலே பேசி, கீழே சர்க்குலர் அனுப்பினால் நாம் குறை சொன்ன நிர்வாகத்துக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. 1983இல் அமெரிக்காவில், நர்ஸ்கள் விட்டுப் போகாமல் தங்குகிற 41 மருத்துவமனைகளை அடையாளம் கண்டு ஆராய்ந்தபோது, வார்டு நிலையிலேயே முடிவெடுக்க விடுவதும் அவற்றின் பொதுவான இயல்புகளில் ஒன்றாகத் தெரிந்தது. சிறந்த நர்சிங்குக்காக மருத்துவமனைகளுக்குத் தரப்படும், மேக்னட் அங்கீகாரம் என்று இன்று சொல்லப்படுவது அதிலிருந்து வளர்ந்ததுதான். நம் ஊரில் அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தை ஒட்டி 45 நிமிடம்; இன்சார்ஜ்களோடு இரண்டு ஜூனியர் ஸ்டாஃப் நர்ஸ், சுழற்சியில். நைட் டியூட்டி முடித்தவரை அதற்காக உட்காரவைக்க வேண்டாம்; வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வாங்கிக்கொண்டால் போதும்.

அங்கே முடிவெடுக்கிற அதிகாரம் உண்மையில் இருக்க வேண்டும். ஹேண்ட் ஓவர் படிவம், ரோஸ்டர் கோரும் முறை, டிரெஸ்ஸிங் டிராலி அமைப்பு, வார்டுக்குள் விடுப்பு ஒதுக்கீடு ஆகியவற்றை அவர்களே தீர்மானிக்கட்டும், நீங்கள் மாற்றாதீர்கள். முதல் இரண்டு கூட்டம் முழுக்க ஏ.சி. வேலை செய்யவில்லை, கேன்டீன் சாப்பாடு சரியில்லை என்றே போகும். பொறுத்துக்கொண்டு அதில் ஒன்றைச் சரிசெய்து காட்டினால் மூன்றாவது கூட்டத்தில் உருப்படியான விஷயம் வரும்.

மினிட்ஸும் அதற்குப் பிறகும்

கூட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்குள் மினிட்ஸ் வரைவைக் கேட்டு வாங்குங்கள். "பரிசீலிக்கப்படும்", "ஆவன செய்யப்படும்" என்று இருந்தால் அது முடிவே இல்லை. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் இருக்கிற வரியாக மாற்றச் சொல்லி எழுதுங்கள். உங்கள் கருத்துக்கு மாறாக முடிவாகியிருந்தால், "நர்சிங் துறையின் மாற்றுக் கருத்து இணைப்பில்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் போதும். அதற்கு மேல் சண்டை வேண்டாம். முடிவைச் சரியாக நடத்திக் கொடுங்கள், எண்களை மட்டும் எண்ணிக்கொண்டே இருங்கள்.

வாய்மொழி உத்தரவு தனிக் கதை. வராந்தாவில் நிறுத்தி, "நாளையிலிருந்து நான்கு பெட் எக்ஸ்ட்ரா போட்டுக்கலாம் சிஸ்டர்" என்பார்கள். அன்றே ஒரு மெயில்: "இன்று காலை தாங்கள் கூறியபடி நாளை காலை 7 மணி முதல் இரண்டாம் தளத்தில் 4 கூடுதல் படுக்கை போடப்படும். அந்த வார்டில் இரவு ஷிஃப்டில் ஒரு நர்ஸுக்கு 11 நோயாளி வரும். மாற்றம் இருந்தால் மாலை 5 மணிக்குள் தெரிவிக்கவும்." குற்றச்சாட்டு எதுவும் அதில் இல்லை. பெரும்பாலான சமயம் 5 மணிக்கு முன்பே போன் வரும்.

முடிவானவற்றுக்கு ஒரே ஒரு நோட்டு வையுங்கள்: தேதி, முடிவு, பொறுப்பு, கெடு, நிலை. அடுத்த கூட்டத்தில் உங்கள் புதுக் கோரிக்கைக்கு முன்னால் அந்த நோட்டில் நிலுவையில் உள்ளதை வாசிக்கக் கேளுங்கள். அதோடு, நர்சிங் துறை செய்வதாக ஒப்புக்கொண்டவை அந்தப் பட்டியலில் நிலுவையில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று இருந்தாலும் பேச்சு அதில்தான் நிற்கும்.